பதின்மூன்றாவது பொட்டலம்

மார்கழி இங்கே கோடை.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் தகரக் கூரைகள்
பத்து மணிக்கே நெளியத் தொடங்கிவிடும்.
மசாலா நிறுக்கும் தராசைச் சமையல் மேடையில் வைத்து
என் உடைமைகளை நிறுக்கிறேன்.

கரண்டி, பதினேழு கிராம்.
பல்துலக்கி, கைப்பிடியை அறுத்தெறிந்த பின் ஒன்பது.
மழைச்சட்டை முந்நூற்றுப் பத்து;
அதில் போன வருஷத்துச் சேறு எவ்வளவோ.
கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள்.
காரத்தை விடு,
எடையும் போவதில்லை.
மலையில் அதை முழங்கால்தான் எண்ணும்.

டிராக்கன்ஸ்பர்க்கின் விளிம்போடு
வடக்கிலிருந்து தெற்காகப் பன்னிரண்டு இரவு.
மருந்துக்கடையில் என் பக்கத்துக் கவுன்ட்டர்
நொம்தாண்டாசோதான் கூட்டாளி.
ஆளுக்குப் பதினான்கு கிலோ, ஒரு கிராம் கூடாது,
மதியம் இரண்டுக்குள் கூடாரம் அடித்தாக வேண்டும் என்றாள்.
இரண்டுக்கு மேல் வானம்
யாருடைய சொல்லும் கேட்காது.
குளிர்காலத்தில் போனால் இடி இல்லை, தெரியும்.
குளிர்காலத்தில் எங்களுக்கு விடுமுறையும் இல்லை.

பத்து வாரமாக
முதுகில் இரண்டு கேன் தண்ணீர், ஒரு மூட்டை சோளமாவு,
கார் நிறுத்தும் கட்டிடத்தின் ஐந்து மாடி
ஏறி இறங்கினேன்.
ஏழாம் நாள் காவலாளி கேட்டார்:
"மா, எந்த மாடிக்குத்தான் குடிபோகிறீர்கள்?"

இரவெல்லாம் அடுப்பறையில் பருப்பு வாசனை.
ஓவன் கதவைக் கரண்டியால் முட்டுக்கொடுத்து
வெந்ததை மறுபடி காய வைக்கிறேன்.
விடியும்போது சாம்பார்
உடைந்த ஓட்டுச் சில்லுபோல் தட்டில் கிடக்கிறது.
ஒரு குவளை வெந்நீர், பத்து நிமிஷம்,
மீண்டும் சாம்பாராகும் என்று
உறையின் மேல் எழுதி ஒட்டினேன்.
நம்பிக்கைக்கு இத்தனை விளக்கம் போதும்.

பிறகு அந்தப் படிவம்.
கூடாரத்தின் நிறம் என்ன?
ஆரஞ்சு.
காலணியின் அடித்தடம்?
தரையில் மாவு கொட்டி மிதித்துப் பார்த்து வரைந்தேன்.
திரும்பாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும்?
குபேன். கணவன்.
எந்த நாளிலிருந்து தேட வேண்டும்?

பேனா அங்கே நின்றது.

பேருந்து நிலையத்தில் நேரம் குறிக்கும் வேலை அவனுக்கு.
ஐந்து நிமிஷத் தாமதம் அவனுக்கு விபத்து.
இருபத்தெட்டு மாலை நான் இறங்காவிட்டால்
இருபத்தெட்டு இரவே
ஹெலிகாப்டரின் கழுத்தைப் பிடித்து உலுக்குவான்.
ஆகவே இருபத்தொன்பது என்று எழுதினேன்.
அவனிடமும் அதையே சொன்னேன்.
சரி என்றான்,
நாட்காட்டியில் வட்டம் போட்டான்,
டீ குடித்தான்.

அதிகாலையில் பையை மூட வந்தபோது
பன்னிரண்டு பொட்டலத்துக்கு மேல்
இன்னொன்று உட்கார்ந்திருந்தது.
ஓரம் சரியாக ஒட்டாத, கோணலான பொட்டலம்.
உள்ளே காய்ந்த பீன்ஸ், பாதி கருகியது.
நான் தூங்கும்போது எழுந்து செய்திருக்கிறான்,
அடுப்பு எப்படிப் பற்ற வைப்பது என்று
இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன்.
மேலே நீர் எவ்வளவு, நிமிஷம் எவ்வளவு, எதுவும் இல்லை.
கால அட்டவணை எழுதும் அந்தச் சதுரக் கையெழுத்தில்
தேதி மட்டும்:
29.

என் இரவுகளை எண்ணியிருக்கிறான்.
பொட்டலங்களையும்.
ஒன்று குறைந்திருக்கிறது.
அதற்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

தராசில் வைத்தேன். நூற்று நாற்பது.
வரைபடத்தின் வெள்ளை ஓரங்களைக் கத்தரித்தேன், ஆறு.
உபரிக் காலுறையை எடுத்தேன்,
வைத்தேன்,
எடுத்தேன்.
வெளியே குபேன் காரின் கண்ணாடியைத் துடைக்கிறான்,
துடைத்த இடத்தையே.

நொம்தாண்டாசோவிடமிருந்து செய்தி:
மொத்தம் எவ்வளவு?

பொட்டலத்தை அடியில் செருகிப்
பையின் வாரை இழுத்து முடிந்தேன்.

பதினான்கு, என்று பதில் போட்டேன்.